இடது பாதம்

கொயாய்க்கேயில் அன்று காற்று
கடைப் பலகையைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தது.
உள்ளே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள்.
துடைத்து நிறுத்திய குதிரைகள் என்று சொல்லத்தான் ஆசை,
ஆனால் எனக்குக் குதிரைகளைத் தெரியும்.
ஏழு வருடமாக அவற்றின் வாயில் மருந்து ஊற்றுகிறேன்.
ஏறும்போது குதிரை ஒரு மூச்சைப் பிடித்து
நம்மை எடைபோடும்.
இவை எதையும் போடவில்லை.

விற்பவன் பெயர் நிபால்டோ.
என் கால் எவ்வளவு நீளம் என்று கேட்கவில்லை,
வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா என்று கேட்டான்.
பிறகு மூலையில் நின்ற
வெளிர்நீல ஸ்கூட்டரிடம் கூட்டிப்போனான்,
விருந்தில் பிள்ளைகளைத் தனி மேசைக்கு அனுப்புவது போல.

அந்த ரோஷத்தில்தான்
எண்ணூறு சிசியைக் கை காட்டினேன்.

என் உயரம் நூற்றைம்பத்திரண்டு.
தொடையிடுக்கிலிருந்து குதிகால்வரை எழுபது.
இருக்கை எண்பத்தேழு.
பள்ளியில் இந்தக் கணக்கைக் கொடுத்திருந்தால்
ஒரே வரியில் விடை எழுதியிருப்பேன்.
ஏறி உட்கார்ந்தேன்.
வலது பெருவிரல் தரையை விசாரித்தது.
இடது கால் அந்தரத்தில்.

சாயத் தொடங்கும் கணம் ஒன்று இருக்கிறது.
அதற்கு முன்னால் அது வண்டி.
அதற்குப் பின்னால்
இருநூற்று இருபது கிலோ.

கண்ணாடி போயிற்று.
முப்பத்தைந்தாயிரம் பெசோ எண்ணி வைத்தேன்.
நிபால்டோ சிரிக்கவில்லை,
சிரிக்காமல் இருப்பதை நான் பார்க்கும்படி
பார்த்துக்கொண்டான்.

சத்தம் கேட்டு
பட்டறையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.
ஓரியெத்தா. முழங்கைவரை கிரீஸ்.
"எங்கே ஓட்டப் போறீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி.
நானே என்னைக் கேட்காத கேள்வியும்தான்.
சொல்லச் சொல்லத்தான் எனக்கும் தெரிந்தது:
சரளைக் கல் பாதை, பண்ணை வாசல்கள்,
பின்னால் தடுப்பூசிப் பெட்டி,
நவம்பரில் பக்கவாட்டில் அறையும் காற்று.
லைசென்ஸ் எடுத்து ஒன்பது மாதம்.
அதில் நாலு மாதம் பனி.

அவள் உருட்டிவந்தது ஓர் இருநூற்றைம்பது.
பழையது. டேங்கில் யாரோ விழுந்த தழும்பு.
நூற்று முப்பத்தொன்பது கிலோ என்றாள்,
பெட்ரோலோடு சேர்த்து.

அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து
அதன்மேல் வண்டியை நானே படுக்கவைத்தேன்.
முதல் தடவை கைகளால் தூக்கப் பார்த்து
இருமினேன்.
இரண்டாம் தடவை திரும்பி நின்று
இருக்கையில் இடுப்பை முட்டுக்கொடுத்து
பின்னோக்கி நடந்தேன்.
சிக்கிய கன்றைக் கயிறு கட்டி இழுக்கும் இரவுகளில்
முதுகை நம்பினால் முதுகு போய்விடும்,
தொடையை நம்பணும். அது என் தொடைக்கே தெரியும்.
எழுந்தது.
எழுந்து என்மேல் சாய்ந்து
கொஞ்சம் பெட்ரோல் வாசனையோடு நின்றது.

இருக்கையின் நுரையை ரொட்டிக் கத்தியால்
ஓரியெத்தா செதுக்கினாள்.
ஏறிப் பார், இறங்கு, இன்னும் ஒரு விரற்கடை,
ஏறிப் பார்.
இரண்டு பாதமும் கடைசிவரை பதியவில்லை.
ஓரமாக ஒதுங்கினால் இடது பாதம் மட்டும்
முழுசாகப் பதிந்தது, குதிகாலோடு.
வலது பாதத்துக்கு பிரேக் இருக்கிறது.

போன வாரம் செரோ காஸ்டியோ ஏற்றத்தில்
முந்நூறு ஆடுகள் பாதையை அடைத்தன.
நின்றேன்.
காற்று வலப்பக்கத்திலிருந்து வந்து தள்ளியது.
இடது பாதம் கல்லைத் தேடியது, கிடைத்தது.
ஆடுகள் போய் முடிய எவ்வளவு நேரமோ,
அவ்வளவு நேரமும் அந்த ஒரு பாதத்தில் இருந்தேன்.
மேய்ப்பன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.
எனக்கு அழுகை வந்தது, தூசியாகவும் இருக்கலாம்.

எண்ணூறு இன்னும் அங்கேயே நிற்கிறது, புதுக் கண்ணாடியோடு.
தாண்டும்போது பார்க்கிறேன். மறைப்பானேன்.
என்றைக்காவது. அல்லது வேண்டாம்.

வெளிர்நீல ஸ்கூட்டரும் விற்கவில்லை.
காலையில் நிபால்டோ அதில்தான்
ரொட்டி வாங்கப் போகிறான்,
முழங்கால் இரண்டும் கைப்பிடியில் இடிக்க.